உறங்கும் சட்டமும் பகுதிநேர விமானிகளும்

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்ட நாட்களில், நாட்டின் வடக்கு, மேற்குப் பகுதிகளில் 32 விமான நிலையங்கள் பயணிகள் போக்குவரத்துக்கு மூடப்பட்டன. ஸ்ரீநகர், ஜம்மு, அமிருதசரஸ், சண்டீகர், ஜெய்சல்மேர் என அந்தப் பட்டியல் நீண்டது. அங்கெல்லாம் செல்ல வேண்டிய விமானங்கள் ரத்தாகின. அவற்றை ஓட்டியிருக்க வேண்டிய விமானிகளில் ஒரு பகுதியினர், இந்திய விமானப்படையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பறந்துவிட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு வந்தவர்கள். மூடப்பட்ட ஓடுபாதைகளில் படைச் சீருடையில் இறங்கிப் பழகியவர்கள், அந்த நாட்களில் மற்ற குடிமக்களைப் போலத் தொலைக்காட்சி முன் அமர்ந்து செய்தி பார்த்தனர்.

அதே வாரத்தில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைத்துக்கொள்ள ராணுவத் தலைமைத் தளபதிக்கு அது அதிகாரம் அளித்தது. வங்கி ஊழியர், வணிகர், ரயில்வே பணியாளர் எனப் பல துறையினர் ஆண்டின் ஒரு பகுதியில் சீருடை அணியும் அமைப்பு அது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி அதைத் தொடங்கிவைத்தவர், அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. தரைப்படைக்கு இப்படி ஒரு கதவு முக்கால் நூற்றாண்டாகத் திறந்தே இருக்கிறது. விமானப்படைக்கு அது ஏன் இல்லை என்ற கேள்வியை நாடாளுமன்றத்தில் யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1952-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் விமானப்படையின் இருப்புப் படைகள், துணைப் படைகள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. துணை விமானப்படை அமைக்க அது வழி செய்கிறது. அழைக்கப்பட்டவர் பணி முடிந்து திரும்பும்போது, அவரைப் பழைய வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டிய கடமையை வேலை கொடுப்பவர் மீது சுமத்துகிறது. அந்தச் சட்டத்தின்படி 1950-களில் தில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களில் துணைப் படையணிகள் அமைக்கப்பட்டன. வார நாட்களில் வேறு தொழில் பார்த்தவர்கள் ஓய்வு நாட்களில் அங்கு பறந்தனர். 1962 சீனப் போருக்குப் பின் முழுநேரப் படையை விரிவுபடுத்துவதே முதல் வேலையாகிவிட, இந்த அணிகள் படிப்படியாக இல்லாமற்போயின. சட்டம் மட்டும் சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது.

பயணிகள் விமானிக்கும் போருக்கும் உள்ள தொடர்பு இந்நாட்டில் புதியதல்ல. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது கடலோரக் காவலுக்காகத் தன்னார்வ விமானிகளைக் கொண்டு சிறு அணிகள் அமைக்கப்பட்டன. அவற்றில் முதல் எண் பெற்றது சென்னை அணி. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டு சேர்க்கத் தொடங்கிய பெரும் முயற்சியில் விமானப்படையின் டகோட்டாக்களோடு தனியார் நிறுவனங்களின் டகோட்டாக்களும் பறந்தன. அன்று அந்த விமானிகள் வராதிருந்தால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் கதை வேறாக இருந்திருக்கும்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். விமானப்படையில் விமானிகள் பற்றாக்குறை 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்தது; 2021 இறுதியில் அது 596 ஆக உயர்ந்தது. இதைச் சொல்வது எதிர்க்கட்சி அல்ல; 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. மறுபுறம், குறுகிய காலப் பணியில் சேரும் விமானி 14 ஆண்டுகள் முடிந்ததும் வெளியேற வேண்டும். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு அல்லது முப்பத்தெட்டு இருக்கும். ஒரு விமானியின் அனுபவமும் உடல்திறனும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் வயது அது. பல கோடி ரூபாய் செலவிட்டு அரசு உருவாக்கிய அந்தத் திறமை, பயணிகள் விமானத்தில் 65 வயது வரை தொடர்ந்து பயன்படுகிறது. நாட்டின் பாதுகாப்புக்கு மட்டும் அது அன்றோடு முடிந்துவிடுகிறது. விமானப்படை 2010-இல் சச்சின் டெண்டுல்கருக்குக் கௌரவ குரூப் கேப்டன் பதவி அளித்து மகிழ்ந்தது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் நேற்று வரை படை விமானம் ஓட்டியவருக்கு மாதத்தில் நான்கு நாட்கள் சீருடை அணிய ஓர் ஏற்பாடு இல்லை என்பது விந்தைதான்.

அமெரிக்காவில் இதே மனிதரின் வாழ்க்கை வேறு விதமாக அமைகிறது. முழுநேரப் பணியிலிருந்து விலகும் விமானி, மாநிலத்தின் விமானத் தேசியக் காவல் படையிலோ விமானப்படையின் இருப்புப் பிரிவிலோ பகுதிநேரமாகச் சேர்ந்துகொண்டு, அதே நேரத்தில் பயணிகள் விமான நிறுவனத்திலும் வேலைக்குச் சேர்கிறார். மாதத்துக்கு ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது ஏட்டுக் கணக்கு. விமானம் ஓட்டுபவருக்கு அது போதாது. கை பழக்கம் விட்டுப்போகாமலிருக்க அதைவிடக் கூடுதல் நாட்கள் படைத்தளத்தில் கழிகின்றன. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் வானத்தைக் காக்க முதலில் எழும்பியவை மாசசூசெட்ஸ் மாநிலத் தேசியக் காவல் படையின் போர் விமானங்களே. அன்று பென்டகன் மீது மோதச் செய்யப்பட்ட பயணிகள் விமானத்தின் கேப்டன் சார்லஸ் பர்லிங்கேம், கடற்படை இருப்பு அதிகாரியாக முன்பு அதே பென்டகன் கட்டடத்தில் பணியாற்றியவர். ஒருவரே இரண்டு உலகங்களில் வாழ்வது அங்கே அத்தனை இயல்பானது.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது தேசபக்தி மட்டுமல்ல. 1994-இல் இயற்றப்பட்ட சட்டம், படைப்பணிக்குச் செல்பவரின் வேலையையும் பணிமூப்பையும் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரையிலான மொத்தப் பணிக்காலத்துக்குக் காக்கிறது. பயணிகள் விமானிக்குப் பணிமூப்பு என்பது வெறும் மரியாதை அல்ல. எந்த விமானம், எந்த வழித்தடம், தீபாவளியோ கிறிஸ்துமஸோ வீட்டில் இருக்க முடியுமா, கேப்டன் இருக்கை எப்போது கிடைக்கும் என்பவை அனைத்தையும் அந்த ஓர் எண்ணே தீர்மானிக்கிறது. ஆறு மாதம் போர்க்களத்துக்குப் போய்வந்தவரின் எண் பின்னுக்குத் தள்ளப்பட்டால், மறுமுறை அவர் போகத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை.

ஆயினும் அங்கும் எல்லாம் சுமுகம் என்று எண்ணுவது தவறு. விமானி கிளம்பும் ஒவ்வொரு முறையும் பணி அட்டவணையை மாற்றி எழுத வேண்டிய நிறுவனம் முணுமுணுக்கவே செய்கிறது. குறுகிய கால ராணுவ விடுப்புக்கு ஊதியம் உண்டா என்ற வழக்குகள் நீதிமன்றங்களை எட்டின. நீதிமன்றக் கடமை போன்றவற்றுக்கு ஊதியத்துடன் விடுப்பு தரும் நிறுவனம், அவற்றோடு ஒப்பிடத்தக்க ராணுவ விடுப்புக்கும் அதைத் தர வேண்டும் என்று 2021-இல் யுனைடெட் நிறுவனம் தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்துக்குப் பொருள் கூறியது. 2023-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் வழக்கிலும் விமானியின் கோரிக்கை மீண்டும் உயிர்பெற்றது. வீட்டிலும் விலை உண்டு. ஒரு நகரில் குடும்பம், இன்னொரு நகரில் நிறுவனத்தின் தளம், மூன்றாவது ஊரில் படைத்தளம் என்று அலையும் விமானியின் மனைவியோ கணவரோதான் அந்தத் தேசியக் காவல் படையின் சம்பளமில்லாத உறுப்பினர்.

இதை இந்தியாவில் செய்யப் புகுந்தால் முதல் எதிர்ப்பு விமானப்படையிடமிருந்தே வரும். அதில் நியாயமும் உண்டு. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டீகரில் மிக்-21 விமானங்கள் விடைபெற்றபோது, 42 ஆக இருக்க வேண்டிய போர் ஸ்குவாட்ரன்களின் எண்ணிக்கை 29 ஆகச் சுருங்கியது. முழுநேர விமானிக்கே விமானம் குறையும்போது பகுதிநேர விமானிக்கு எதைக் கொடுப்பது? மேலும், போர் விமானம் மாதத்தில் நான்கு நாள் பழக்கத்தில் அடங்கும் கருவியல்ல. ரேடாரும் ஏவுகணையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனவே ரஃபேல், சுகோய் இருக்கைகளில் பகுதிநேர விமானிகளை அமர்த்துவது பற்றிய பேச்சு இப்போதைக்கு வீண்.

ஆனால் விமானப்படை என்பது போர் விமானம் மட்டுமா? சரக்கு விமானம் ஓட்டுபவர் வேலைக்கும் ஏர்பஸ் ஓட்டுபவர் வேலைக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. மழை, மூடுபனி, கருவிகளை மட்டும் நம்பி இறங்குதல் ஆகியவற்றில் பயணிகள் விமானி நாள்தோறும் பழகுகிறார். 2021-இல் ஒப்பந்தமான 56 சி-295 விமானங்களுக்கு விமானிகள் வேண்டும். பயிற்சித் துறையின் தேவை இன்னும் பெரிது. 2023-இல் 70 எச்டிடி-40 பயிற்சி விமானங்களுக்கு உத்தரவு தரப்பட்டது. விமானம் வந்துவிட்டால் மட்டும் விமானி உருவாவதில்லை. பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். நல்ல ஆசிரியரை அணியிலிருந்து எடுத்தால் அணி நலியும்; எடுக்காவிட்டால் பயிற்சி நலியும். இந்த முடிச்சை அவிழ்க்கவே அமெரிக்க விமானப்படை இருப்புப் பிரிவு விமானிகளைப் பயிற்சித் தளங்களில் ஆசிரியர்களாக வைத்திருக்கிறது. அங்கே வாரத்தின் ஒரு பாதியில் பயணிகளை ஏற்றிச் செல்பவர், மறு பாதியில் இளம் அதிகாரிக்குப் பறக்கக் கற்றுத்தர முடிகிறது.

இரண்டாவது எதிர்ப்பு தனியார் நிறுவனங்களிடமிருந்து வரும். இது இன்னும் கடினமானது. ராஜிநாமா செய்யும் கேப்டன் ஓராண்டு முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2017-இல் விதி வகுக்கும் அளவுக்கு இங்கு ஆள் பற்றாக்குறை. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய, இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்த புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே நாட்டின் மிகப்பெரிய நிறுவனமான இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. பன்னிரண்டு மணி நேரக் கூடுதல் ஓய்வைத் தாங்க முடியாத அட்டவணை, மாதம் நான்கு நாள் படைப்பணியை எப்படித் தாங்கும் என்ற கேள்விக்கு, நிறுவனங்களின் தேசபக்தியை நம்பிப் பதில் சொல்ல இயலாது. விடுவிக்கப்படும் ஒவ்வொரு விமானிக்கும் ஈடாக வரிச்சலுகையோ, விமான நிலையக் கட்டணத்தில் தள்ளுபடியோ அரசு தர வேண்டியிருக்கும். படையில் பறந்த நேரமும் நிறுவனத்தில் பறந்த நேரமும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டும். இல்லையேல் களைத்த விமானியின் பின்னால் அமர்ந்திருக்கும் 180 பயணிகள்தான் நாட்டின் பாதுகாப்புக்கான விலையைக் கொடுப்பார்கள். இதற்குப் பாதுகாப்பு அமைச்சகமும் விமானப் போக்குவரத்து அமைச்சகமும் ஒரே மேசையில் அமர வேண்டும். தில்லியில் அது நடப்பது, போர் விமானம் வாங்குவதைவிடச் சில வேளைகளில் அரிது.

விமானிகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் எனப் பறப்பதை நிறுத்திய நிறுவனங்களின் வரிசை நீளமானது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான விமானிகள், அவர்களில் முன்னாள் படையினரும், மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தனர். பறக்காத விமானியின் உரிமமும் திறமையும் நாளடைவில் மங்கும். அத்தகைய காலத்தில் ஒரு துணைப்படை அணி அவர்களுக்குச் சிறு வருவாயையும் கைப்பழக்கத்தையும் தந்திருக்கும்.

பிரிட்டன் வேறொரு வழியைக் கண்டது. அங்கே வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்களை ஏர்டேங்கர் என்ற தனியார் நிறுவனம் பராமரிக்கிறது. அதன் விமானிகளில் சிலர் இருப்புப் படையினராகவும் பதிவு பெற்றவர்கள். தேவைப்படும்போது அதே இருக்கையில் சீருடையுடன் அமர்கின்றனர். இந்திய விமானப்படையோ 2003-இல் சேர்த்த ஆறு இல்யூஷின்-78 விமானங்களை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறது. 2025 மார்ச்சில், தன் விமானிகளுக்கு வானில் எரிபொருள் நிரப்பும் பயிற்சி அளிக்க, மெட்ரியா என்ற வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் கேசி-135 விமானத்தைக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. விமானம் மட்டுமல்ல, அதை ஓட்டும் குழுவும் அந்த நிறுவனத்தினுடையதே.

வெளிநாட்டுத் தனியார் விமானியைப் படைப்பணியில் ஏற்றுக்கொண்ட பிறகு, உள்நாட்டுத் தனியார் விமானியை ஏற்கக் கொள்கைத் தடை ஏதும் இருக்க முடியாது. புதிய சட்டமும் தேவையில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதிகளைப் புதுப்பித்தால் போதும். பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, விமானப்படை அதிகாரிகளையும் நிறுவனங்களையும் விமானிகள் சங்கங்களையும் ஒருசேர அழைத்துக் கேட்க வேண்டும். சரக்கு விமானத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என இரண்டே அணிகளோடு தொடங்கலாம். இந்த ஆண்டு குறுகிய காலப் பணிக்குக் கையெழுத்திடும் இளைஞர், இளம்பெண் ஒவ்வொருவரின் நியமன நிபந்தனைகளிலும், 14 ஆண்டுகளுக்குப் பின் விரும்பினால் பகுதிநேரமாகத் தொடரலாம் என்ற ஒரு வரியை இப்போதே சேர்த்துவிட வேண்டும்.