இலையில் விளைந்த தடுப்பூசி: சறுக்கியது அறிவியல் அல்ல!

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச். உள்ளே பாக்டீரியா கலந்த திரவம். இலையின் அடிப்பக்கத்தில் முனையை வைத்து, மேலே ஒரு விரலால் தாங்கிப் பிடித்து மெதுவாக அழுத்தினால், திரவம் பரவப் பரவ இலை நனைந்த காகிதம் மாதிரி நிறம் மாறும். அவ்வளவுதான்! சில நாட்களில் நாம் கேட்ட புரதம் அந்த இலைக்குள் தயார்.

எப்படி?

மண்ணில் வாழும் ‘அக்ரோபாக்டீரியம்’, தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திக் கழலையை உண்டாக்கும் கிருமி. விஞ்ஞானிகள் கழலைக்கான மரபணுக்களை எடுத்துவிட்டு, தங்களுக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது புகையிலையின் ஆஸ்திரேலிய உறவான ‘நிக்கோட்டியானா பெந்தாமியானா’. மரபணு மாற்றுப் பயிர் போல இது விதை வழியே தொடராது. அந்த இலைகளோடு கதை முடிந்துவிடும்.

2014இல் எபோலா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ‘இசட்மேப்’ என்ற சோதனை மருந்து இந்தச் செடியில்தான் தயாரானது. 2022 பிப்ரவரியில், கனடாவின் மெடிகாகோ நிறுவனம் இதே முறையில் தயாரித்த ‘கோவிஃபென்ஸ்’ கோவிட் தடுப்பூசிக்கு அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

மெடிகாகோவின் பங்குதாரர்களில் ஒருவர், சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ். புகையிலைத் துறையோடு கைகோப்பதில்லை என்ற கொள்கைப்படி, உலக சுகாதார நிறுவனம் அந்தத் தடுப்பூசியை ஏற்கவில்லை. ஏழை நாடுகளுக்குப் போகும் கதவு அடைபட்டது. 2023 பிப்ரவரியில், கோவிட் தடுப்பூசிச் சந்தை மாறிவிட்டதைக் காரணம் காட்டி, தாய் நிறுவனமான மிட்சுபிஷி கெமிக்கல் மெடிகாகோவையே மூடுவதாக அறிவித்தது.

உலக சுகாதார நிறுவனம் செய்தது சரிதான். நுரையீரலைக் கெடுக்கும் கையிலிருந்தே நுரையீரலைக் காக்கும் மருந்தை வாங்கினால், அந்தக் கைக்கு நாமே நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். என் கேள்வி கனடா அரசிடம். 2020இல் 17.3 கோடி கனடிய டாலர் வரை தர ஒப்புக்கொண்டபோதே, ‘முதலில் அந்தப் பங்குதாரர் வெளியேறட்டும்’ என்று நிபந்தனை போட்டிருக்கலாமே?

இலை தன் வேலையைச் செய்தது. பாக்டீரியாவும் செய்தது. மக்கள் பணத்தைக் கொடுத்தவர்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அடுத்த தொற்று வரும்போதாவது, ‘மருந்து வேலை செய்யுமா?’ என்பதோடு ‘இது யாருடைய மருந்து?’ என்றும் முதல் நாளே கேட்போம்.