பெட்டிக்குள் சாதி எதற்கு?

மூலக்குளத்தில் ஒரு குடும்பம் பிரான்சுக்குக் குடிபோகிறது என்றால் தெருவே வந்து வழியனுப்பும். மிளகாய்த்தூளும் ஊறுகாயும் பெட்டியில் ஏறும். கூடவே சாதியும் ஏறுகிறது. அதைப் பேசாமல் நாம் கையசைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வழி நமக்கு எப்படித் திறந்தது? 1881 செப்டம்பர் 21-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். மேல்சாதியார் பெரும்பாலோர் ஒதுங்கி நிற்க, ஒடுக்கப்பட்டோர் பலர் துணிந்து கையெழுத்திட்டனர். அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள் சைகோனில் அலுவலர்களாகவும் படைவீரர்களாகவும் பணிபுரிந்தார்கள். 'சொல்தா வீடு' என்று இன்றும் சொல்கிறோமே, அது அவர்கள் விட்டுச்சென்ற சொல். 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களிலும் இவர்களின் வாரிசுகள் இருந்தார்கள்.

சம்பளத்துக்காக மட்டுமா போனார்கள்? "எந்தத் தெரு?" என்று யாரும் கேட்காத ஊரில் பிள்ளைகள் தலைநிமிர்ந்து வளரட்டும் என்றும்தான்.

ஆனால் இன்று பிரெஞ்சு மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கும் தரகர் முதலில் கேட்பது, "என்ன ஆளுங்க?" பாட்டன் எழுதித் துறந்ததைப் பேரன் கல்யாணத்தில் தேடி எடுக்கிறோம். அதற்கு நம் வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டுகிறோம்.

பயணத்துக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளே! பிரெஞ்சு படியுங்கள், நல்ல வேலைக்குப் போங்கள். அங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தமிழைக் கொடுங்கள். சாதியைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.