ஒரே லேப்டாப்புல "டிஸ்ட்ரிபியூட்டட்" – யாரை ஏமாத்துறோம்?

கொஞ்சம் சூடாவே எழுதப் போறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கோவிச்சுக்காதீங்க.

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ரெகுலேஷன் கிளவுட் லேப்ல ஒரு பயிற்சி: ஹடூப்பை ஒரே கணினியில நிறுவி, வேர்ட்கவுண்ட் மாதிரி ஒண்ணை ஓட்டணும். நாம என்ன பண்றோம்? ஜாவா போடுறோம். நாலு எக்ஸ்எம்எல் ஃபைலை எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் பண்றோம். ஜேபிஎஸ்னு அடிச்சா நேம்நோட், டேட்டாநோட்னு அஞ்சாறு பேர் வரிசையா வருது. ஸ்க்ரீன்ஷாட், ரெக்கார்ட் நோட்டு, கையெழுத்து... சுபம்!

என் கேள்வி ஒண்ணுதான். எதை, எங்கே பிரிச்சு வெச்சோம்?

2003-ல கூகுள்காரங்க தங்களோட ஃபைல் சிஸ்டம் பத்தி கட்டுரை வெளியிட்டாங்க. அதோட அடிப்படை: விலை மலிவான மெஷின்கள் கெட்டுப்போறது அபூர்வம் இல்ல, அன்றாடம். அதனால தகவலோட ஒவ்வொரு துண்டுக்கும் மூணு பிரதி, வேற வேற மெஷின்ல. அதைப் பார்த்துப் பிறந்ததுதான் ஹடூப். அதுலயும் வழக்கமான பிரதி எண்ணிக்கை 3. ஆனா ஒத்தை மெஷின் செட்டப்புக்கு அதை 1-னு மாத்தச் சொல்றாங்க. அதாவது அந்த சிஸ்டம் எதுக்காகப் பிறந்துச்சோ, அதை மட்டும் அணைச்சிட்டு மிச்சத்தை நிறுவுறோம்.

சில கில்லாடிங்க மூணு ஃபோல்டர், மூணு போர்ட் கொடுத்து மூணு டேட்டாநோட் ஓட்டுவாங்க. ஹார்ட் டிஸ்க் ஒண்ணுதானே சாமி! அது போனா மூணும் போச்சு.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. எதையும் மாத்தாம விட்டா ஹடூப் தன் தகவலை டெம்ப் ஃபோல்டர்ல வைக்கும். உபுண்டுவை ரீஸ்டார்ட் பண்ணா அது காலி. மறுநாள் நேம்நோட் எழுந்திருக்காது. லேப் முழுக்க ஒரே மருந்துதான்: "ஃபார்மேட் பண்ணுடா". தகவல் தொலையக் கூடாதுன்னு கட்டின சிஸ்டத்துல நாம கத்துக்கிற முதல் வைத்தியம், தகவலை அழிக்கிறது!

பாம்பன்காரனுக்கு இது புரியாம போகாது. 1914-லேர்ந்து 1988 வரைக்கும் தீவுக்கு நிலவழியா வர ஒரே பாலம், ரயில் பாலம். 1964 டிசம்பர் புயல்ல அதோட 126 கர்டர் போச்சு. ஸ்ரீதரன் குழு 46 நாள்ல சரிபண்ணதைப் பெருமையா சொல்றோம், சரி. அந்த 46 நாளும் படகுதான் கதி. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில் நின்னுச்சு, புதுப் பாலம் 2025 ஏப்ரல்லதான் திறந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல தீவுக்குள்ள ரயில் இல்ல. ஊர் நின்னுச்சா? ரோட்டுப் பாலத்துல பஸ் ஓடிச்சு. இதுதான் ரெண்டாவது பிரதி. அதுலயும் ஒரு ஓட்டை: ரெண்டும் ஒரே கடல்ல, பக்கத்துப் பக்கத்துல. பெரிய புயல் ரெண்டையும் சேர்த்தே அடிக்கும். ஹடூப் ஒரு பிரதியையாவது வேற ரேக்குல வைக்கப் பார்க்கிறது இதனாலதான்.

"கமாண்ட் பழகத்தானே, விடுப்பா"ன்னு சொல்வீங்க. பழகுங்க. ஆனா அதோட நிறுத்தாதீங்க. லேப்ல பிசிக்கா பஞ்சம்? மூணை ஒரு ஸ்விட்ச்சுல மாட்டுங்க. மூணுலயும் டேட்டாநோட், பிரதி எண் 2. ஒரு ஃபைலை ஏத்திட்டு, நேம்நோட் இல்லாத ஒரு பிசியோட கேபிளைப் பிடுங்குங்க. ஃபைலைத் திறந்து பாருங்க, வரும். மூணு செகண்டுக்கு ஒரு தடவை வர்ற இதயத்துடிப்பு நின்னு, சுமார் பத்தரை நிமிஷம் ஆனதும்தான் அந்த பிசி செத்துடுச்சுன்னு நேம்நோட் முடிவு பண்ணும். அப்புறம் குறைஞ்ச பிரதியை மிச்ச ரெண்டுல தானா உண்டாக்கும். அடுத்து நேம்நோட் இருக்கிற பிசியையே பிடுங்குங்க. மொத்தமும் நிக்கும். ஹடூப் 2-ல மாற்று நேம்நோட் ஏன் வந்துச்சுன்னு அப்ப யாரும் சொல்லித்தர வேண்டாம்.

லேப் கிடைக்கலையா? லேப்டாப்லயே மூணு டாக்கர் கன்டெய்னர் ஓட்டி ஒண்ணை நிறுத்துங்க. டிஸ்க் ஒண்ணுதான், ஆனா சாவு எப்படியிருக்கும்னாவது தெரியும்.

பி.கு: வைவாவுல "டிஸ்ட்ரிபியூட்டட்னா என்ன?"ன்னு கேட்டா ஜேபிஎஸ் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டாதீங்க. கேபிளைப் பிடுங்கினப்போ என்ன ஆச்சுன்னு சொல்லுங்க :-)