ஸ்டீல்ஸ் வீதியின் இரு கரைகளும் எமது வாக்குரிமையும்

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் எம்மவர் செறிந்து வாழும் இடங்களுள் ஒன்றான மில்லிக்கன், தனக்கென ஒரு நகரசபையை ஒருபோதும் கொண்டிருந்ததில்லை. ஸ்டீல்ஸ் வீதி அதனை ஊடறுத்துச் செல்கின்றது. வீதியின் தென்கரை ரொறன்ரோ மாநகருக்கும் வடகரை மார்க்கம் நகருக்கும் உரியவை. காவற்றுறை, பாடசாலைச் சபை, குப்பை அகற்றும் ஒழுங்கு, சொத்துவரி என யாவும் வீதியைக் கடந்ததும் மாறிவிடுகின்றன. ஒட்டாவா அரசியலை நுணுகி ஆராயும் எம் சமூகம், தன் வீட்டு வாசலை ஆளும் இவ்விரு சபைகளைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு.

இவ்வூரின் பெயரே ஒரு குடிபெயர்வின் கதைதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ பிரன்சுவிக்கிலிருந்து வந்து மரத்தொழில் செய்த நோர்மன் மில்லிக்கன் என்பவரின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. அமெரிக்கப் புரட்சியின் பின்னர் பிரித்தானிய முடியின் பக்கம் நின்றமையால் வடக்கே வந்து சேர்ந்த மக்களுள் ஒருவர் அவர். முதற்குடிகளுக்குரிய நிலத்தில் அன்று அவர்களுக்குக் காணிகள் வழங்கப்பட்டன. இன்று அதே நிலத்தில் குடியேறுவோருக்கு உள்ளூர் வாக்குத்தானும் வழங்கப்படவில்லை என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

1850இல் உள்ளூராட்சி அமைப்புகள் முறைப்படுத்தப்பட்டபோது ஸ்காபரோவும் மார்க்கமும் தனித்தனி ஊராட்சிகளாயின. மில்லிக்கன் அவற்றின் எல்லையில் கிடந்தது. 1954இல் ஸ்காபரோ, பெருநகர ரொறன்ரோக் கூட்டமைப்பினுள்ளும், 1971இல் மார்க்கம், யோர்க் பிராந்தியத்தினுள்ளும் சேர்க்கப்பட்டன. 1997இல் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்புகளில் வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எதிர்த்தபோதிலும், ஒன்ராறியோ அரசு 1998 சனவரி முதலாம் நாள் ஸ்காபரோ உள்ளிட்ட ஆறு ஆட்சியமைப்புகளை ஒரே மாநகரமாக்கிற்று. 2018இல், தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருக்கையிலேயே, 47 ஆக அமையவிருந்த ரொறன்ரோ வட்டாரங்கள் 25 ஆகக் குறைக்கப்பட்டன. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற வேறுபாட்டில் அரசுக்குச் சார்பாக முடிந்தது.

இதன் விளைவு யாது? 2021 குடித்தொகைக் கணக்கின்படி, தென்கரையில் ஒரு வட்டார உறுப்பினர் சராசரியாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பிரதிநிதித்துவம் செய்கின்றார். எட்டு வட்டாரங்களைக் கொண்ட மார்க்கத்தில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 42 ஆயிரம். லோகன் கணபதி 2006இல் மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானதையும், யுவனிற்றா நாதன் 2018இல் அதே ஏழாம் வட்டாரத்தில் தெரிவானதையும் இப்பின்னணியில் நோக்க வேண்டும். வட்டாரம் சிறிதாக இருக்கும்போது, கட்சிப் பின்புலமும் பெரும் பணமும் இல்லாத ஒருவர் வீடு வீடாகச் சென்று வெல்ல இயலும். மார்க்கம் 2003 முதல் இணையவழி வாக்களிப்பையும் நடைமுறைப்படுத்தி வருகின்றது.

எல்லைக்கோடு மக்களின் பணப்பையையும் தொட்டது. மக்கோவன் வீதியில் ரொறன்ரோப் பேருந்தில் வடக்கே செல்பவர், ஸ்டீல்ஸைக் கடந்தமைக்காகவே இரண்டாவது கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இருக்கையை விட்டு எழாமலே இரண்டு பயணம்! ஒரே கட்டண முறை 2024 பெப்ரவரியிற்றான் வந்தது. தொழிற்சாலைக்கும் துப்புரவுப் பணிக்கும் பேருந்தில் சென்ற எம் மக்கள் இதனை எத்தனை ஆண்டுகள் சுமந்தனர்!

இனி வாக்குரிமைக்கு வருவோம். ஒன்ராறியோவின் உள்ளூராட்சித் தேர்தற் சட்டத்தின்படி, கனடியக் குடியுரிமையுள்ள ஒருவர் ஒரு நகரில் வசிக்காவிட்டாலும், அங்கு நிலம் வைத்திருந்தாலோ வாடகைக்கு எடுத்திருந்தாலோ வாக்களிக்கலாம். அவரது வாழ்க்கைத் துணைக்கும் அவ்வுரிமை உண்டு. ஆகவே, தென்கரையில் வாழ்ந்து வடகரையில் தம் பெயரில் கடை வைத்திருப்பவர் இரு நகரங்களிலும் வாக்களிக்கலாம். பத்தாண்டுகளாக அங்கேயே வாழ்ந்து, வாடகை வழியாகச் சொத்துவரியின் சுமையையும் ஏற்கும் நிரந்தர வதிவாளர் ஓரிடத்திலும் வாக்களிக்க முடியாது. நிலத்துக்கு இருக்கும் மதிப்பு மனிதருக்கு இல்லையா? நிரந்தர வதிவாளருக்கு இவ்வுரிமையை வழங்குமாறு ரொறன்ரோ மாநகரசபை 2013இல் மாகாண அரசைக் கோரியது. மாகாணம் சட்டத்தை மாற்றவில்லை.

சுவிற்சர்லாந்தில் வாழும் எம் உறவுகளின் பட்டறிவு இங்கு பயன்தரும். அந்நாட்டில் குடியுரிமையே கிராமசபையிலிருந்து தொடங்குகின்றது. லுசேர்ன் நகரின் புறநகரான எம்மென், 2000ஆம் ஆண்டில் குடியுரிமை விண்ணப்பங்களை ஊர்மக்களின் இரகசிய வாக்கெடுப்புக்கு விட்டது. இத்தாலியர் ஏற்கப்பட்டனர், முன்னாள் யூகோசுலாவியாவிலிருந்து வந்தோர் நிராகரிக்கப்பட்டனர். 2003இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இதனைப் பாரபட்சமெனக் கண்டு செல்லாதாக்கியது. அதே நாட்டின் நெசத்தல் மாநிலமோ வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமையை 1849இலேயே அறிமுகப்படுத்தியது. 1979இல் உருவான யூரா மாநிலமும் அவ்வழியே சென்றது. அதனால் அங்கு ஊராட்சி ஒன்றும் குலைந்துவிடவில்லை.

எம்மென்னின் மனநிலை மில்லிக்கனுக்கு அந்நியமானதன்று. 1995இல் மார்க்கத்தின் துணை நகரபிதாவாக இருந்த கரோல் பெல், சீனர் ஓரிடத்தில் செறிவதால் பழைய குடியிருப்பாளர்கள் வெளியேறுகின்றனர் என்ற பொருள்படப் பேசினார். சுற்றுவட்டார நகரபிதாக்கள் பலர் அதனைக் கண்டித்தனர். இரண்டு ஆண்டுகளில், கென்னடி வீதியும் ஸ்டீல்ஸும் சந்திக்கும் இடத்தில் பசிபிக் மோல் திறக்கப்பட்டது. சீனச் சமூகம் அன்று நகரசபை மண்டபத்துக்குச் சென்று தன் குரலை ஒலித்தது. எமது அமைப்புகள் கவனிக்க வேண்டிய முன்னுதாரணம் அது.

குடியுரிமை பெற்ற பின் வாக்களிக்கட்டுமே என்று கூறுவோர் எம்மவரிடையேயும் உளர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்றாண்டு வதிவு வேண்டும். அதன்பின் காத்திருப்பு வேறு. வரியோ முதல் மாதமே தொடங்குகின்றது. மறுபுறம், வாக்குள்ளவர்களும் அதனைப் பயன்படுத்துவதில்லை என்பது கசப்பான உண்மை. 2022இல் ரொறன்ரோவில் வாக்களித்தோர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தின் நான்காம் திங்கட்கிழமை இத்தேர்தல் வருகின்றது. தமிழ் மண்டபங்களுக்கு வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், நிரந்தர வதிவாளரின் வாக்குரிமைக்கான தீர்மானத்தை மீண்டும் மாகாணத்துக்கு அனுப்புவீர்களா என்ற வினாவை எழுப்ப வேண்டும். அதுவரையும் சபைக் குழுக்களின் முன் எவரும் கருத்துரைக்கலாம். அங்கு குடியுரிமைச் சான்றிதழைக் காட்ட வேண்டியதில்லை.