நட்சத்திரம் பார்க்காத நட்சத்திரப் பாடம்

டிஸ்கி: இயற்பியல் வாத்தியார்கள் யாராவது இதைப் படித்துக் கோபப்பட்டால் பரவாயில்லை. கோபத்தோடேயே ஒரு நாள் ராத்திரி பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு அது போதும்.

எங்க காஞ்சிபுரத்துல கோயிலுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாலும் முதலில் கேட்பது "பேரு? நட்சத்திரம்?" தான். பொடிசிலிருந்து பாட்டி வரைக்கும் டாண்ணு சொல்லிடுவாங்க. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. சரி, அந்த ரோகிணியை வானத்துல காட்டுங்கன்னு கேட்டுப் பாருங்க, முக்கால்வாசிப் பேர் முழிப்பாங்க.

அது சாமி கும்பிட வந்த ஜனம், விட்டுடலாம். கல்லூரியில் இயற்பியல் எடுத்து, அதிலும் வானியல் என்று தனித்தாள் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள்? அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

எங்க தெருவில் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருத்தன் அந்தத் தாள் படித்தான். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். விண்மீன்களின் வெப்பத்தையும் ஒளிர்வையும் வைத்துப் போடுகிற ஹெர்ட்ஸ்ஸ்பரங் - ரஸ்ஸல் வரைபடம் அச்சடிச்ச மாதிரி இருந்தது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற நிறமாலை வகைகள் தலைகீழாகக் கேட்டாலும் சொல்றான். "சிவப்பு விண்மீன் ஒண்ணைக் காட்டு தம்பி" என்றேன். "அதெல்லாம் டெலஸ்கோப்புலதான் சார் தெரியும்" என்றான். திருவாதிரை எங்க தலைக்கு மேலதான் நின்னுக்கிட்டு இருந்தது.

தப்பு அவன் மேல இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு தடவைகூட அவனை யாரும் அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை. பாடம் நடந்ததெல்லாம் பகலில், கரும்பலகையில். இப்படியே நெசவு சொல்லிக் கொடுத்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. பாவு, ஊடை, ஜரிகை, கோர்வை என்று நோட்டில் எழுதிப் போட்டுட்டு, தறியில் உட்காரவே விடாமல் "நீ நெசவாளி"ன்னு சான்றிதழ் கொடுத்தா எங்க ஊர்ல சிரிப்பாங்க.

அதுவும் யாருக்கு? அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும், மயில்கழுத்துக்கும் ராமர் பச்சைக்கும் ஒரே பார்வையில் வித்தியாசம் சொல்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு! விண்மீன் வகைப்பாட்டின் அடிப்படையே நிறம்தான். மார்ச் கடைசியில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மாடிக்கு வாங்க. மேற்கே செம்மஞ்சளாகத் திருவாதிரை. மேல்நாட்டார் பீட்டல்ஜூஸ் என்பார்கள், மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 கெல்வின். கிழக்கே அப்போதுதான் மேலேறி வரும் நீலவெள்ளைச் சித்திரை, அதாவது ஸ்பைகா, 20,000 கெல்வினுக்கும் மேலே. வரைபடத்தின் இரண்டு கோடி ஓரமும் ஒரே மாடியில் ஓசியில் கிடைக்குது. காந்தி ரோடு பட்டுக்கடை விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும்.

"வசதி இல்லை, நிதி இல்லை, டெலஸ்கோப் இல்லை" - இது வழக்கமான பாட்டு. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. 2019 கடைசியில் இதே திருவாதிரை மங்க ஆரம்பித்தது. 0.5 அளவில் இருந்த அதன் ஒளித்தரம் 2020 பிப்ரவரியில் 1.6-க்கு இறங்கியது. உலகம் பூரா வானியல்காரர்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்தார்கள். அந்த விண்மீனே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது என்று பிற்பாடு விளக்கினார்கள். இதைப் பார்க்க என்ன கருவி வேணும்? ரெண்டு கண்ணு. பக்கத்திலிருக்கும் ரோகிணியோடு ஒப்பிட்டு வாரம் ஒரு முறை குறித்து வைத்தால் முதல்தரமான செய்முறைப் பாடம். ஒளி கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்காகக் குறைந்தது என்பதைப் பையன்களே கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார்கள். அந்த மாசங்களில் மாணவர்களை வெளியே கூட்டிட்டுப் போன கல்லூரி இருந்தால் சொல்லுங்க, நேரில் வந்து சால்வை போடுறேன்.

அந்தக் கணக்குக்கு வேண்டிய எண் 2.512. ஒரு ஒளித்தரம் வித்தியாசம் என்றால் ஒளி இத்தனை மடங்கு மாறும். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும், பரீட்சைக்கு ரெண்டு மார்க். 1856-இல் இந்த விகிதத்தை முன்வைத்த நார்மன் போக்சன் யார் தெரியுமா? 1861-லிருந்து 1891-இல் சாகும் வரை முப்பது வருஷம் நம்ம நுங்கம்பாக்கத்தில் சென்னை வான்காணகத்தை நடத்தியவர். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். எண்ணை மட்டும் உருவிக்கிட்டு ஆளையும் ஊரையும் தூக்கிப் போட்டுட்டோம்.

இப்ப இன்னொரு கோஷ்டி வரும். "எங்க முன்னோர் எல்லாத்தையும் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க." ஐயா, முன்னோர் மேல எனக்கும் மரியாதை உண்டு. 1825-இல் ஜான் வாரன் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிஷம்தான். அசுர சாதனை. ஆனால் முடிவில் 52 நிமிஷம் பிசகியது. வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தாத கணக்கு தலைமுறை தலைமுறையாக வழுக்கிக்கிட்டே போகும்.

ரகுநாதாச்சாரி இதை உணர்ந்துதான் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். த்ருக் என்றால் பார்த்தல். பார்த்துச் சரிசெய்த கணிதம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து நம்ம லட்சணம் என்ன? திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாச இடைவெளி! சனி பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு, நாமதான் ரெண்டு தேதி வெச்சிருக்கோம். இந்த ஊரில் 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பட்டப்படிப்பாக நடத்த வழி திறந்துவிட்டது, எதிர்த்துப் போட்ட வழக்கும் 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனது. ஜோதிட வகுப்பைக் கிண்டலடிக்கிற இயற்பியல் துறைக்கு என் கேள்வி: அங்கேயும் கட்டம், இங்கேயும் கட்டம். ரெண்டு பேருமே அண்ணாந்து பார்க்கலைன்னா மாணவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

"சந்திரசேகர் டெலஸ்கோப்பா பார்த்தார்? கப்பல்ல உட்கார்ந்து கணக்குதானே போட்டார்" என்று ஒருத்தர் மடக்கினார். உண்மைதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-இல் கப்பலேறியவர், வெண்குள்ளன் விண்மீன்களுக்கு ஒரு நிறை வரம்பு உண்டு என்று வழியிலேயே கணித்தார். ஆனா வெண்குள்ளன் என்ற ஒன்று இருப்பதே, அதுவும் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதே, சிரியசின் துணை விண்மீனைப் பல வருஷம் யாரோ கண் விழித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. பார்வை கேள்வி கேட்டது, கணக்கு பதில் சொன்னது. நம்ம பிள்ளைகளுக்குக் கேள்வியே காட்டாமல் பதிலை மட்டும் உருப்போட வைக்கிறோம்.

நான் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. வானியல் தாள் எடுக்கிற ஒவ்வொருவரும் செமஸ்டருக்குப் பத்து ராத்திரி வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்த பதிவேடு கொடுக்கணும், அதுக்கு மார்க் உண்டு. பழைய சிடி ஒன்றை வைத்துச் சூரிய ஒளியைப் பிரிச்சுப் பார்க்கணும், நேரடியாகச் சூரியனைப் பார்க்காமல். சூரியனும் ஒரு விண்மீன்தானே. வருஷத்துக்கு ஒரு முறை காவலூருக்கு ஒரு பஸ். 1986-லிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே ஜவ்வாது மலையில் நிற்கிறது. ஒரு நாள் இன்பச் சுற்றுலாவுக்கு ஆகிற காசுதான் ஆகும்.

கடைசியா ஒண்ணு. எங்க ஊர்ப் பட்டைக் கட்டிக்கிட்டு, பட்டப்பகலில், மண்டபக் கூரையைப் பார்த்து அருந்ததி தெரியுதுன்னு தலையாட்டுகிற கல்யாணம் எத்தனை பார்த்திருப்போம். அந்த அருந்ததியும் பக்கத்து வசிஷ்டரும் சேர்ந்தால் மொத்தம் ஆறு விண்மீன்கள் என்று இன்றைக்கு எண்ணியிருக்கிறார்கள். ஏப்ரல், மே ராத்திரிகளில் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலத்து வாலில் தெரியும். பொண்ணு மாப்பிள்ளை தலையாட்டினா சடங்குன்னு விட்டுடலாம். இயற்பியல் பட்டம் வாங்கினவனும் தெரியாமலே தலையாட்டினா, அந்தப் பட்டம் எதுக்கு?

பி.கு: நாளைக்கு மேகம் இல்லைன்னா மாடிக்குப் போய் உங்க நட்சத்திரம் எதுன்னு தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க. :-)