ஆய்வகங்களுக்கு வரும் உயிரியல் பொருள்கள்: பெட்டியைக் கைநீட்டி வாங்குபவர் பக்கமே எங்கள் நிலைப்பாடு

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்தில் மருத்துவமனை ஆய்வகங்களிலும் தொழிற்சாலைத் தரச்சோதனைக் கூடங்களிலும் கல்லூரிகளிலும் வேலை செய்பவர்களும், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். பாக்டீரியா வளர்ப்புகள், செல் வளர்ப்புகள், ரத்தச் சீரம், திசு, மண், விதை என ஆராய்ச்சிக்காக வரவழைக்கப்படும் உயிரியல் பொருள்கள் பற்றி எங்கள் நிலைப்பாடு இது: பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போடப்போகிறவருக்கு, அதில் என்ன இருக்கிறது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லாமல், எந்த உயிரியல் பொருளுக்கும் ஆர்டர் கொடுக்கக் கூடாது. ஆராய்ச்சியை நாங்கள் எதிர்க்கவில்லை. அதைச் செய்து பிழைப்பவர்கள் எங்களில் பலர்.

ஆர்டர் கொடுப்பவர் ஆராய்ச்சியாளர். விலைப்புள்ளி கேட்பதும் பெர்மிட்டுக்கு மனுப் போடுவதும் கொள்முதல் பிரிவு. எல்லாத் தாளிலும் படித்தவர்களின் பெயர்தான் இருக்கும். பெட்டி வந்து இறங்கும் நேரத்தில் அவர்களில் ஒருவரும் வாசலில் இருப்பதில்லை. கூரியர் வேனை நிறுத்திப் பெட்டியை வாங்குபவர், குத்தகை நிறுவனம் அனுப்பிய ஜாகா, அதாவது வாசல் காவலாளி. அல்லது ஸ்டோர் கிராணி. மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் துப்புரவு வேலைக்கு வந்த அக்காகூட வாங்கி வைப்பார். இந்த வேலைகளில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெட்டியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வெளியே அட்டை, உள்ளே வெள்ளை நுரைப் பெட்டி, அதற்குள் கசியாத உறை, அதற்கும் உள்ளேதான் பொருள் இருக்கும் குப்பி. அட்டையின் பக்கவாட்டில் சாய்சதுரக் கட்டத்துக்குள் யூஎன் 3373 என்றிருந்தால், அது நோயறியவோ ஆராயவோ அனுப்பப்பட்ட இரண்டாம் வகைத் தொற்றுப்பொருள். யூஎன் 2814 என்றிருந்தால் மனிதரை மோசமாகத் தாக்கக்கூடிய முதல் வகை. யூஎன் 1845 என்றால் உள்ளே டிரை ஐஸ் இருக்கிறது. எத்தனை கிலோ என்றும் எழுதியிருக்க வேண்டும். இந்த மூன்று எண்களைச் சொல்லிக் கொடுக்கக் கால் மணி நேரம் போதும். அதைக்கூடப் பல இடங்களில் யாரும் செய்வதில்லை.

டிரை ஐஸைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் அது, தண்ணீராக உருகாமல் நேரே கரியமில வாயுவாக மாறும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் பொசுங்கும். காற்றுப் போக வழியில்லாதபடி பெட்டியை இறுக மூடினால் அழுத்தம் ஏறி வெடிக்கும். ஏர்கோன் போட்டுக் கதவை மூடிய சின்ன ஜாகா அறையில் நான்கைந்து பெட்டிகளை இரவு முழுக்க அடுக்கி வைத்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு முட்டும். தலைவலி, மயக்கம் என்று போகும். கண்டுகொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பெட்டிக்குள் கிருமியே இல்லாவிட்டாலும் இந்த ஆபத்து உண்டு. விஞ்ஞானிக்கு இது தெரியும், ஜாகாவுக்குத் தெரியாது என்ற நிலையை எங்களால் ஏற்க முடியாது.

வெளியிலிருந்து வந்த ஒரு சரக்கு வாழ்க்கையையே மாற்றிய மாநிலம் எங்கள் பேராக். 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு 22 நாற்றுகள் வந்தன. அவற்றில் 9, பக்கத்துக் கோலகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்து பால் வெட்டிய வாழ்க்கைக்கு அந்த நாற்றுகளும் ஒரு தொடக்கம். பிரேசிலில் ரப்பரை அழிக்கும் தென்னமெரிக்க இலைக்கருகல் பூஞ்சை நல்ல வேளையாக அவற்றோடு கப்பலேறவில்லை. 1927இல் அமேசான் காட்டில் நிலம் வாங்கி ஹென்றி ஃபோர்டு போட்ட பெருந்தோட்டங்களை அந்த நோய் சீரழித்தது. 1945இல் அவற்றை அவருடைய நிறுவனம் கைகழுவியது. இன்றுவரை ஆசியாவில் அந்த நோய் காலூன்றவில்லை. 1956இல் இந்த வட்டார நாடுகள் செய்துகொண்ட பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம், அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலிருந்து வரும் ரப்பர் செடிக்கும் விதைக்கும் தனிக் கட்டுப்பாடு வைத்தது. பெற்றுக்கொள்ளும் வாசலில் காட்டும் கண்டிப்பு லட்சக்கணக்கான குடும்பங்களின் சோற்றைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வாசலில் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே மாநிலம் பார்த்துவிட்டது. 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அதற்குள் நோயுற்ற பன்றிகள் லாரியேறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்து, அமெரிக்காவில் அது உறுதிப்பட்ட பிறகுதான் நிப்பா என்ற பெயரே வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது. 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நோய் முதலில் தாக்கியது பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களைத்தான். சிங்கப்பூர் வரை போன பன்றிகள் அங்கே இறைச்சிக்கூடத் தொழிலாளி ஒருவரின் உயிரைப் பறித்தன.

அது பண்ணை, இது ஆய்வகம் என்று சிலர் வாதிடலாம். சிங்கப்பூரில் 2003இல் ஓர் ஆராய்ச்சி மாணவர் வெஸ்ட் நைல் வைரஸோடுதான் வேலை செய்தார்; அந்த வளர்ப்பில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது, அவருக்குச் சார்ஸ் வந்தது. 2004 கடைசியிலும் 2005 தொடக்கத்திலும் அமெரிக்காவிலிருந்து தரச்சோதனைக்காக அனுப்பப்பட்ட மாதிரிப் பெட்டிகளில், 1957ஆம் ஆண்டின் பெருந்தொற்று இன்ஃபுளுவென்சா வைரஸ் இருந்தது. 18 நாடுகளில் 3,700க்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அவை போயிருந்தன. பெற்றவர்களுக்கு அது சாதாரணச் சோதனை மாதிரி. கனடா நாட்டு ஆய்வகம் ஒன்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகே எல்லாரும் அழிக்கத் தொடங்கினார்கள். லெபனானுக்குப் போன பெட்டி பெய்ரூட் விமான நிலையத்திலேயே கிடந்தது. அந்தக் கிடங்கில் அதை நகர்த்தி வைத்த சுமைத் தொழிலாளிக்கு அதில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தொற்று நோய்ச் சட்டம் 1988இன் கீழ் 2006இல் வந்த விதிகள், மனிதத் திசுவையும் நோய்க்கிருமியையும் இறக்குமதி செய்ய அனுமதி கட்டாயம் என்கின்றன. மரபணு மாற்றிய உயிர்களுக்கு 2007ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. செடிக்கும் விலங்குக்கும் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது. இவை எல்லாம் நாட்டின் எல்லையைக் காக்கும் சட்டங்கள். ஆய்வகத்தின் வாசலைக் காப்பது வேலையிடப் பாதுகாப்புச் சட்டம். 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அதன் திருத்தம், உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், விலகி நிற்கலாம் என்று உரிமை தருகிறது. குத்தகைத் தொழிலாளிகளின் பாதுகாப்புக்கு, அவர்களை வேலைக்கு அமர்த்திய முதன்மை நிறுவனமும் பொறுப்பு என்கிறது. ‘ஜாகா எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்’ என்ற பேச்சு இனி எடுபடாது.

எனவே, ஆர்டர் படிவத்திலேயே பெற்றுக்கொள்ளும் ஆளின் பெயரும் அவருக்கு மாற்றாக நிற்பவரின் பெயரும் எழுதப்பட வேண்டும். இருவரும் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். இருவரும் இல்லாத நாளில் சரக்கு வரக் கூடாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரிராயா விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வந்து சேரும்படி ஆர்டர் போடுவதை நிறுத்துங்கள். மூன்று நாள் வெளியே கிடந்து டிரை ஐஸ் தீர்ந்து போன செல் வளர்ப்பு செத்த பொருள். ஆபத்தும் மிச்சம், பணமும் நட்டம். உள்ளே இருப்பது என்ன, நனைந்திருந்தால் யாரை அழைப்பது என்பதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் நேபாளியிலும் வங்காளத்திலும் எழுதி ஜாகா அறையில் ஒட்டுங்கள். நனைந்த, நசுங்கிய, சீட்டு இல்லாத பெட்டியை வாங்க மறுப்பவரை யாரும் திட்டக் கூடாது, சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

இதெல்லாம் ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தும் என்பார்கள். தாமதம் ஆகும், உண்மைதான். சிறிய கல்லூரிகளுக்கு மைனஸ் 80 உறைபெட்டியும் பயிற்சி பெற்ற ஆளும் வைக்க வசதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவர்களுக்காகத் தைப்பிங் வட்டாரத்தில் ஒரு பொதுப் பெறுமிடம் வேண்டும். இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் ஈப்போவில் இருக்கிறார்கள்; 1948இலிருந்து அங்கே கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்குகிறது. மாநில அரசு அவர்களோடு பேசி ஏற்பாடு செய்யட்டும்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் கண்டிப்பாக ஒன்று சொல்கிறோம். பெர்மிட்டுக்கு நாளாகிறது என்று குப்பியைக் கைப்பையில் போட்டு விமானம் ஏறுவது, ‘ரசாயனம்’ என்று பொய்ச் சீட்டு ஒட்டுவது, நண்பரின் ஆய்வகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் செல் வாங்கி வருவது ஆகியவற்றில் பிடிபடுபவருக்காகச் சங்கம் வாதாடாது. அவர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவராக இருந்தாலும் சரி.

வாசலில் நிற்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் எங்கள் வேண்டுகோள்: பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்ல மறுத்தால் நாளையும் நேரத்தையும் பெட்டி மேலிருந்த எண்ணையும் எழுதிக்கொண்டு எங்களிடம் வாருங்கள். உங்களோடு நாங்கள் வந்து கேட்கிறோம்.