முதலில் ஆராய்ச்சி, பிறகுதான் கட்டுரை!

தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே, ரயில் பாதையில் இருக்கும் ஊர் பூதலூர். கல்லணையும் தொலைவில் இல்லை. சுற்றிலும் நெல் வயல்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடியானவர் விதை வாங்கப் போகிறார். "இந்த ரகம் நன்றாக விளையும்" என்று சொல்லுகிறார்கள். நம்பி வாங்குகிறார். கடன் வாங்கி நடவு செய்கிறார்.

"நன்றாக விளையும்" என்று முதலில் சொன்னது யார்? எங்கோ ஒரு விஞ்ஞானி. அவர் எழுதிய கட்டுரையில் பிறந்த சொல் அது.

அந்தக் கட்டுரை பொய்யானால் விஞ்ஞானிக்குப் பெயர் போகும். குடியானவருக்கோ ஒரு போகமே போகும். கடன் மட்டும் நிற்கும்.

ஆகவே, ஆராய்ச்சி செய்யாமல் விஞ்ஞானக் கட்டுரை எழுதுவது சாதாரணப் பிழை அல்ல. அது பிறர் சோற்றில் மண் போடும் காரியம்.

வாய்க்கால் ஓரத்து நெல்

ஆராய்ச்சி என்றால் என்ன?

ஒரு வயலில் இரண்டு ரக நெல்லை நடுகிறார்கள். ஒன்று வாய்க்கால் ஓரம். மற்றொன்று மேட்டுப் பக்கம். வாய்க்கால் ஓரத்து நெல் அதிகம் விளைகிறது. உடனே, "இதுதான் நல்ல ரகம்" என்று எழுதிவிடலாமா?

கூடாது. விளைந்தது ரகத்தாலா, தண்ணீராலா என்பது தெரியாதே!

அதனால்தான் வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்கிறார்கள். ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் நடுகிறார்கள். பழைய ரகத்தையும் கூடவே நட்டு, விளைச்சலை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த முறையை வகுத்துத் தந்தவர் ரொனால்டு பிஷர் என்ற இங்கிலாந்து அறிஞர். 1919ல் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கண்ட முறை இன்று உலகம் முழுவதும் பரவிவிட்டது. புது மருந்துகளையும் இப்படித்தான் சீட்டுக் குலுக்கிச் சோதிக்கிறார்கள்.

ஒரு போகம் பார்த்தால் போதாது. ஒரு வருஷம் வெள்ளம் வரும். மறு வருஷம் ஆறு வறண்டு கிடக்கும். பல வருஷம், பல ஊர்களில் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

ஒரு நெல்லின் வம்சம்

கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கோனாமணி என்ற நெல்லிலிருந்து ஒரு புது ரகம் கிடைத்தது. 1921ல் அதை வெளியிட்டார்கள். அதன் பெயர் ஜி.இ.பி. 24. மறு வருஷமே, 1922ல், தஞ்சைச் சீமையில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது.

1960களில் தஞ்சை வயல்களுக்கு வந்த "ஆடுதுறை 27", ஜப்பான் நெல்லுக்கும் ஜி.இ.பி. 24க்கும் பிறந்த பிள்ளை. பெயர் பெற்ற ஐ.ஆர். 20 நெல்லின் வம்சத்திலும் ஜி.இ.பி. 24 இருக்கிறது.

முன்னோர் ஒழுங்காகச் சோதித்து, உண்மையைக் குறித்து வைத்தார்கள். அதனால் பின்னால் வந்தவர்கள் அதன் மேல் கட்ட முடிந்தது. முதல் குறிப்பே பொய்யாக இருந்திருந்தால்? மணல் மேல் கட்டிய வீடுதான்!

மேதைக்கும் புத்தகம் வேண்டும்

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். 1913ல் அவர் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் இருந்த பல கணக்குகள் ஹார்டியை வியக்க வைத்தன. ஆனால், சில ஏற்கனவே மற்றவர்கள் கண்டுபிடித்தவை. சில தவறாகவும் இருந்தன.

குற்றம் ராமானுஜனுடையது அல்ல. ஐரோப்பாவின் புதிய கணித நூல்கள் அவர் கைக்கு எட்டவில்லை. கண்டதையே மீண்டும் காண்பதில் அந்த மேதையின் பொன்னான காலம் போயிற்று.

இன்றைய மாணவருக்கு அந்தக் குறை இல்லை. உலகத்து நூலகம் அவர் கைப்பேசிக்குள் இருக்கிறது. முன்பு நடந்த ஆராய்ச்சியைப் படிக்காமல் எழுதினால், அது ஏழ்மை அல்ல, சோம்பல்.

எண்ணிக்கை மோகம்

1989ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜான் டேலண்ட் ஒரு மோசடியை அம்பலப்படுத்தினார். வேறு தேசங்களில் கிடைத்த புதைபடிவங்களை, இமயமலையில் எடுத்தவை என்று இந்தியப் பேராசிரியர் ஒருவர் எழுதி வந்தார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கான கட்டுரைகள்! அவற்றை நம்பிய மற்றவர்களின் உழைப்பும் வீணாயிற்று.

டாக்டர் பட்டம் வாங்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் பத்திரிகைகள் முளைத்தன. 2022ல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. நல்ல காரியம். ஆனால் விதி போனால் போதுமா? மோகமும் போக வேண்டும். எத்தனை கட்டுரை என்று கேட்பதை விட்டு, என்ன சோதனை என்று கேட்க வேண்டும்.

இப்போது கட்டுரை எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. அது நொடியில் பத்துப் பக்கம் எழுதும். ஆனால் சேற்றில் இறங்கி நாற்றை எண்ணுமா? அறுத்த நெல்லை எடை போடுமா? அந்த வேலை மனிதனுடையது.

ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் எழுத உட்காரும்போது அந்தப் பூதலூர்க் குடியானவரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் அந்தக் கட்டுரையை ஒருநாளும் படிக்கப் போவதில்லை. ஆனால், அதை நம்பித்தான் விதைக்கப் போகிறார்.